சிகாகோ கப்ஸ் ரசிகராக இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியைப் புதிதாகப் பின்தொடரத் தொடங்குகிறவர்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் கேள்வி கேட்கிறார்கள். முதல் வாரம் விதிகளைப் பற்றி, முதல் மாதம் காற்றைப் பற்றி, முதல் செப்டம்பரில் மேஜிக் நம்பரைப் பற்றி. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எடுத்துத் திரட்டிய பக்கம் இது.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். எவ்வளவு விதி தெரிஞ்சா ஆட்டம் புரியும்?

கொஞ்சம் தெரிந்தால் போதும். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும், மூன்று அவுட் விழுந்தால் பக்கம் மாறும். மட்டையை வீசித் தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய பகுதியில் வந்த பந்தை விட்டுவிட்டாலோ ஸ்ட்ரைக். பேட்டருக்கு மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அந்தப் பகுதிக்கு வெளியே வந்து, அவர் மட்டையை வீசாமல் விட்ட பந்து ‘பால்’. நான்கு பால் ஆனால் அடிக்காமலே முதல் பேஸ் கிடைக்கும். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். சொந்த மைதானத்து அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் பேட் செய்யும். அதனால் ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதி முடிந்ததும் அது முன்னிலையில் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் மூன்று இடங்களில் தடுமாறும். ஒன்று, உள்ளே விழும்படி அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும், நின்று யோசிக்க முடியாது. இரண்டு, கோட்டுக்கு வெளியே போனால் அது ஃபவுல். அதை ஸ்ட்ரைக்காக எண்ணுவார்கள், ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்காக எண்ண மாட்டார்கள் (பண்ட், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டுவது, செய்யப்போய் ஃபவுல் ஆனால் மட்டும் அவுட்). ஃபவுல் பந்தையும் தரையில் விழுமுன் பிடித்தால் அவுட்தான். மூன்று, பின்னால் வருகிறவருக்கு இடம் விட்டு ஓட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரை அவுட்டாக்க, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேஸை மிதித்தாலே போதும். அந்தக் கட்டாயம் இல்லாதவரை ஆளைத் தொட்டாக வேண்டும்.

வருஷத்துக்கு 162 ஆட்டமா? எல்லாத்தையும் பாக்கணுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் பார்க்க முயல்கிறவர்கள் பெரும்பாலும் ஜூன் மாதத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, வாரத்துக்கு ஆறு நாள், சில வாரம் ஏழு நாளும் ஆட்டம் உண்டு. பெரும்பாலும் ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம் கொண்ட தொடராக வரும். தொடருக்கு ஒரு ஆட்டம் முழுதாகப் பார்ப்பது, மற்ற இரண்டையும் பத்து நிமிடச் சுருக்கமாகப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதமும் தாங்கும்.

வானொலியையும் விட்டுவிடாதீர்கள். பேஸ்பால் காதால் கேட்பதற்கே அமைந்த ஆட்டம். இரண்டு பந்துக்கு நடுவே வர்ணனையாளருக்குப் பேச நேரம் இருக்கிறது. 1996 முதல் கப்ஸின் வானொலிக் குரல் பேட் ஹியூஸ். ஆட்டக்காரர்கள் அன்று எந்த உடையில், எப்படிக் காலூன்றி நிற்கிறார்கள் என்பதுவரை சொல்லிவிடுவார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு முழு ஆட்டத்தையும் கண்ணுக்குள் பார்த்துவிடலாம்.

இந்தியாவிலேர்ந்து எந்த நேரத்துக்கு உக்காரணும்?

பருவம் முழுவதும் சிகாகோ கோடைநேரக் கணக்கில் இருக்கும். அதோடு பத்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். பிற்பகல் 1.20 ஆட்டம் இங்கே இரவு 11.50. மாலை 7.05 ஆட்டம் மறுநாள் காலை 5.35. கலிஃபோர்னியாவுக்குப் போய் ஆடும் இரவு ஆட்டங்கள் நமக்குக் காலை ஏழரை மணியை ஒட்டித் தொடங்கும். சிகாகோக்காரர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்ப்பதை நாம் காலைக் காப்பியோடு பார்க்கலாம். அட்டவணையில் இருப்பது அமெரிக்கத் தேதி, நமக்கு அது பெரும்பாலும் அடுத்த நாள் என்பதை மறக்க வேண்டாம்.

இணைய ஒளிபரப்பு மைதானத்தைவிட அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கும். கைபேசியில் ஸ்கோர் அறிவிப்பு முந்திக்கொண்டு வந்து ஹோம்ரனை (வேலியைத் தாண்டிய அடியை) சொல்லிவிடும். ஆட்டம் தொடங்குமுன் அறிவிப்புகளை நிறுத்துங்கள். மறுநாள் பார்க்கப் போகிறவர்கள் மேஜர் லீக் (கப்ஸ் ஆடும் உயர்நிலைப் பேஸ்பால் போட்டி) செயலியில் ஸ்கோரை மறைக்கும் அமைப்பைப் போட்டுவிடலாம். சிகாகோவில் இருக்கும் உறவினரின் குடும்பக் குழுவையும் அதுவரை திறக்காதீர்கள்.

பாதி ஆட்டம் தோக்குறாங்களே, இது மோசமான டீமா?

பேஸ்பாலில் பாதி தோற்பது நடுத்தர அணி. பத்துக்கு ஆறு ஜெயித்தால் அது மிக நல்ல அணி. 2016-ல் கோப்பையை வென்ற கப்ஸ் அந்தப் பருவத்தில் 103 வென்று 58 தோற்றது. (கூட்டினால் 161 வருகிறதே என்று பார்ப்பவர்களுக்கு: பிட்ஸ்பர்க்கில் மழையால் 1-1 என்று நின்றுபோன ஓர் ஆட்டம் சமன் என்று முடிந்தது.) 1906-ல் 116 வென்று 36 மட்டுமே தோற்ற கப்ஸ் அணி, உலகத் தொடரில் (இரண்டு லீக்கின் வெற்றியாளர்களும் கோப்பைக்கு மோதும் தொடர்) உள்ளூர் எதிரி வைட் சாக்ஸிடம் தோற்றது. மறுபக்கம் 1962, 1966 இரண்டிலும் 103 தோல்வி, 2012-ல் 101.

ஆகவே ஒரு நாள் தோல்விக்கு முகம் வாட வேண்டாம். தொடரை மட்டும் பாருங்கள்: மூன்றில் இரண்டு கிடைத்தால் நல்ல வாரம். தொடர்ந்து மூன்று தொடரை இழந்தால் அப்போது கவலைப்படலாம்.

ஏன் இவ்வளவு பகல் ஆட்டம்? விளக்கு இல்லையா?

கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டு 1914-ல் திறந்தது. கப்ஸ் 1916-ல் அங்கே குடிவந்தது. மேஜர் லீக்கில் கடைசியாக விளக்கு போட்ட மைதானம் அதுதான். 1941-ல் விளக்குக் கம்பத்துக்கு இரும்பு தயாராக இருந்தது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் உரிமையாளர் அதைப் போருக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை.

1988 ஆகஸ்டு 8 அன்று முதல் இரவு ஆட்டம் ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸோடு தொடங்கி மூன்றரை இன்னிங்ஸில் மழையோடு போயிற்று. அதிகாரபூர்வமான முதல் இரவு ஆட்டம் மறுநாள் நியூயார்க் மெட்ஸோடு நடந்தது, கப்ஸ் 6-4 என வென்றது. மைதானம் குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே இருப்பதால் இரவு ஆட்டங்களுக்கு நகராட்சி இன்றும் வரம்பு வைத்திருக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் மிக அரிதாகவே ஆட்டம் இருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.20 என்பது கப்ஸ் ரசிகர்களின் நல்ல நேரம். சிகாகோவில் அன்று அலுவலகத்தில் பலருக்கும் திடீர் வேலை வந்துவிடும்.

ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ‘காத்து எந்தப் பக்கம்’னு ஏன் கேக்குறாங்க?

ரிக்லியில் காற்றும் ஓர் ஆட்டக்காரர். ஹோம் பிளேட் (பேட்டர் நிற்கும் இடம்) மைதானத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பேட்டர் வடகிழக்கைப் பார்த்து நிற்பார். கிழக்கே ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில் மிச்சிகன் ஏரி. ஏரியிலிருந்து வடகிழக்குக் காற்று வந்தால் அது பேட்டரின் முகத்தில் அடிக்கும். வேலியைத் தாண்ட வேண்டிய பந்து நடுவழியில் செத்து விழும். ஏப்ரல், மே மாதக் குளிரில் இது அதிகம். வெப்பமான நாளில் தென்மேற்குக் காற்று எழுந்தால் சாதாரண உயரப் பந்துகூட மிதந்து வெளியே போகும்.

வேலி இடப்பக்கக் கோட்டில் 355 அடி, நடுவில் 400, வலப்பக்கக் கோட்டில் 353. தூரம் மாறுவதில்லை, காற்றுதான் அதை நீட்டியும் சுருக்கியும் விடுகிறது. காற்று வெளியே வீசிய 1979 மே 17 அன்று கப்ஸ் ஒரு கட்டத்தில் 21-9 என்று பின்தங்கி, துரத்திப் பிடித்து 22-22 ஆக்கி, பத்தாவது இன்னிங்ஸில் 23-22 என ஃபில்லிஸிடம் தோற்றது. அந்த ஒரே ஆட்டத்தில் 11 ஹோம்ரன். ஆகவே ஸ்கோர்போர்டின் மேல் உள்ள கொடிகளை முதலில் பாருங்கள். அவை உங்களை நோக்கிப் பறந்தால் 2-1 ஆட்டத்துக்குத் தயாராகுங்கள். ஏரிப்பக்கம் பறந்தால் எட்டு ரன் முன்னிலைகூடப் பாதுகாப்பில்லை.

அந்தக் கொடிகளுக்கு வேற அர்த்தம் ஏதாவது இருக்கா?

உண்டு, இரண்டு வகையாக. ஆட்டத்துக்கு முன் ஸ்கோர்போர்டின் மேல் பறப்பவை கப்ஸ் ஆடும் நேஷனல் லீக் அணிகளின் கொடிகள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் (லீக்குக்குள் உள்ள அணிக் குழு) ஒரு கயிறு. மேலிருந்து கீழாக அன்றைய தரவரிசை. கப்ஸின் கொடி உச்சியில் இருந்தால் டிவிஷனில் முதலிடம்.

ஆட்டம் முடிந்ததும் ஏற்றுவது வேறு. வென்றால் வெள்ளைத் துணியில் நீல ‘டபிள்யூ’, தோற்றால் நீலத் துணியில் வெள்ளை ‘எல்’. உயரத்தில் ஓடும் ரயிலில் போகிறவர்கள் முடிவைத் தெரிந்துகொள்ள ஏற்பட்ட வழக்கம் இது. வீட்டில் வெற்றிக் கொடி வைத்திருப்பவர்கள் வென்ற நாளில் மட்டும் வெளியே தொங்கவிடுவார்கள். கடைசி அவுட் விழுமுன் கொடியை மடிப்பிலிருந்து எடுக்கவே கூடாது என்பது எழுதாத சட்டம்.

ஸ்கோர்போர்டே 1937-ல் வைத்தது. இன்றும் உள்ளே ஆட்கள் இருந்து எண் பலகைகளைக் கையால் மாற்றுகிறார்கள். ஆட்டத்தில் அடித்த பந்து எதுவும் இதுவரை அதைத் தொட்டதில்லை.

சுவத்துல கொடி படர்ந்திருக்கே, பந்து அதுக்குள்ள போயிட்டா?

அந்தப் படர்கொடியை 1937-ல் நட்டவர் பில் வீக், அப்போது கப்ஸில் வேலை பார்த்த இளைஞர். பந்து இலைக்குள் சிக்கினால் பேட்டருக்கு இரண்டு பேஸ் மட்டும். ஃபீல்டர் செய்ய வேண்டியது: இரண்டு கையையும் தூக்கிவிட்டு அசையாமல் நிற்பது. நடுவர் வந்து பார்த்து இரண்டு பேஸ் என்று அறிவிப்பார். கையை விட்டுத் துழாவினால் பந்து ஆட்டத்தில் இருப்பதாகவே ஆகிவிடும், பேட்டர் ஓடிக்கொண்டே இருக்கலாம். வெளியூர் அணியின் இளம் ஃபீல்டர்கள் பதறிப்போய்க் கையை விடுவதைப் பருவத்துக்குச் சிலமுறை பார்க்கலாம்.

ஏப்ரலில் வெறும் தண்டுதான், பந்து செங்கல்லில் மோதித் திரும்பும். மே முதல் பச்சை. அக்டோபரில் சிவப்பு, அந்தச் சிவப்பை ஆட்டத்தோடு பார்க்க வேண்டுமானால் கப்ஸ் பிளே-ஆஃபுக்கு (பருவம் முடிந்தபின் நடக்கும் கோப்பைச் சுற்றுகளுக்கு) போயிருக்க வேண்டும். அதனால் ரசிகர்களுக்கு அது தனி நிறம்.

சிகாகோ போறேன். ரிக்லியில எங்க உக்காரலாம், எப்படிப் போறது?

கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. சிவப்புத் தட ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் எதிரே. திரும்பும்போது அந்த நிலையம் நெரியும். தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து பெல்மாண்ட் நிலையத்துக்குப் போனால் சிவப்போடு பழுப்புத் தடமும் கிடைக்கும்.

வெளிக்களத்துக்குப் பின்னால் இருக்கும் பிளீச்சரில் இருக்கை எண் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். சத்தமும் பேச்சும் அங்கேதான் அதிகம், நிழல் இல்லை. நிழல் வேண்டும் என்றால் 200 வரிசை எண்கள், மேல்தளத்தின் அடியில். ஆனால் பழைய மைதானம் என்பதால் தூண்கள் உண்டு. பார்வை மறையும் என்று குறிப்பிட்ட சீட்டு மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டால் பந்து வீசும் பிட்சரையோ பேட்டரையோ ஒன்பது இன்னிங்ஸும் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். முதல்முறை போகிறவர்களுக்கு மேல்தளத்தின் முன்வரிசைதான் சிறந்தது: விலை குறைவு, முழு மைதானமும் தெரியும், தூரத்தில் ஏரியும் தெரியும். ஏப்ரலில் போனால் சென்னையிலிருந்து கொண்டுபோன ஒரு ஸ்வெட்டர் போதாது. மேல் கோட்டும் கையுறையும் வேண்டும்.

எதிரணி அடிச்ச ஹோம்ரன் பந்து கைக்குக் கிடைச்சா திருப்பி எறியணுமாமே?

பிளீச்சரில் அப்படித்தான் வழக்கம். பந்து விழுந்ததும் சுற்றியிருப்பவர்கள் எறி எறி என்று கத்துவார்கள், எறியும்வரை விடமாட்டார்கள். ஓட்டம் முடிந்து ஆட்டம் நின்ற பிறகு, யார் மீதும் படாதபடி வெளிக்களத்துப் புல்லில் எறியுங்கள். விவரமானவர்கள் பையில் ஒரு பழைய பந்து கொண்டுவந்து அதை எறிந்துவிட்டு உண்மைப் பந்தை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இது ஏமாற்று என்று யாரும் நினைப்பதில்லை. கப்ஸ் அடித்த பந்தையும் ஃபவுல் பந்தையும் எறியத் தேவையில்லை. பக்கத்தில் குழந்தை இருந்தால் அதன் கையில் கொடுங்கள், அந்த வரிசை முழுக்க உங்களுக்குக் கைதட்டும்.

ஏழாவது இன்னிங்ஸ்ல எல்லாரும் எழுந்து பாடுறாங்க. நானும் பாடணுமா?

பாடுங்கள். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எழுந்து சோம்பல் முறிப்பது எல்லா மைதானத்திலும் உண்டு. ரிக்லியில் அது கச்சேரி. 1982-ல் கப்ஸுக்கு வந்த வர்ணனையாளர் ஹாரி கேரி, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே சாய்ந்து கூட்டத்தைப் பாடவைத்தார். 1998-ல் அவர் மறைந்த பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு விருந்தினர் வந்து பாடவைக்கிறார். சிலர் சுருதி சேரவே மாட்டார்கள்; கூட்டம் பாடித் தூக்கிவிடும்.

வெற்றிக்குப் பிறகு பாடுவது ‘கோ கப்ஸ் கோ’. ஸ்டீவ் குட்மேன் என்ற சிகாகோ பாடகர், தீவிர கப்ஸ் ரசிகர், 1984-ல் எழுதியது. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று புற்றுநோயால் இறந்தார். நான்கு நாள் கழித்து கப்ஸ் டிவிஷனை வென்று, 1945-க்குப் பிறகு முதல்முறையாகப் பிளே-ஆஃபில் நுழைந்தது. அதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைக் கேட்டால் தொண்டை அடைக்கும்.

ஸ்கோர் புத்தகத்துல ‘6-4-3’ன்னு எழுதுறாங்களே, அது என்ன?

ஒன்பது ஃபீல்டர்களுக்கும் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) 6, இடக்களம் 7, நடுக்களம் 8, வலக்களம் 9. பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை வரிசையாக எழுதினால் அவுட்டின் கதை வந்துவிடும். 6-4-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்குக் கொடுத்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்து, ஒரே பந்தில் இரண்டு அவுட். 1906 முதல் 1910 வரை நான்குமுறை லீக்கை வென்ற கப்ஸின் டிங்கர், எவர்ஸ், சான்ஸ் மூவரும் இந்த வரிசையால் புகழ்பெற்றவர்கள். மூவரும் 1946-ல் ஒன்றாகவே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள்.

எழுதும் முறை எளிது. பேட்டருக்கு ஒரு வரிசை, இன்னிங்ஸுக்கு ஒரு பத்தி, கட்டத்துக்குள் சிறு வைரம். எந்த பேஸ்வரை போனாரோ அதுவரை கோடு, ரன் ஆனால் வைரத்தை நிரப்பு. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ‘கே’ எழுத்து. மட்டையை வீசாமலே நின்று அவுட் ஆனால் அதையே திருப்பி எழுத வேண்டும். பழகாதவர்கள் குழம்புவது இரண்டு இடத்தில். மாற்று ஆள் வந்ததும் அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒரு செங்குத்துக் கோடு போட மறந்தால் பிறகு யார் அடித்தது என்றே தெரியாது. ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேருக்கு மேல் பேட் செய்தால் அடுத்த பத்தியையும் அதற்கே எடுத்துக்கொண்டு, தலைப்பில் உள்ள இன்னிங்ஸ் எண்களைத் திருத்த வேண்டும். பென்சில்தான் சரி, பேனா வேண்டாம்.

பிட்சர் ஒரு ஹிட்கூட கொடுக்கலை, ஏன் யாருமே அதைப் பத்திப் பேசலை?

பேசினால் கண்பட்டுவிடும் என்ற நம்பிக்கை. ‘நோ-ஹிட்டர்’ (எதிரணியில் யாரும் ஹிட் அடித்து, அதாவது தன் அடியாலேயே, பேஸை அடையாத ஆட்டம்) நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சக ஆட்டக்காரர்கள் பிட்சருக்குப் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். ரசிகர்களும் இருந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பின்தங்கியிருக்கும்போது தொப்பியைத் திருப்பிப் போடுவதும் இதே வகைதான். நம்பாதவர்களும் கடைப்பிடிக்கிறார்கள், ஏனென்றால் கூட்டத்தோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதே சுகம்.

1972 செப்டம்பர் 2 அன்று ரிக்லியில் மில்ட் பப்பாஸ் தொடர்ந்து 26 பேரை அவுட்டாக்கினார். 27-வது ஆளுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு நான்காவது பால் விழுந்தது. நோ-ஹிட்டர் நின்றது, ஒருவரையும் பேஸுக்கு விடாத முழுமை ஆட்டம் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கில் போனது. அதற்குப் பிறகு ரிக்லியில் கப்ஸின் அடுத்த நோ-ஹிட்டர் 2024 செப்டம்பர் 4 அன்றுதான். ஷோடா இமனாகா ஏழு இன்னிங்ஸ் வீச, இன்னும் இருவர் முடித்துவைத்தார்கள், 12-0.

வெள்ளாட்டோட சாபம்னு சொல்றாங்களே, நிஜமா?

நடந்தது இதுதான். 1945 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்துக்கு வில்லியம் சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் வெள்ளாட்டோடு வந்தார், அதற்கும் ஒரு சீட்டு வாங்கியிருந்தார். நாற்றம் என்று சொல்லி வெளியேற்றினார்கள். கப்ஸ் இனி வெல்லாது என்று அவர் சபித்ததாகக் கதை. அந்தத் தொடரை டெட்ராய்ட் டைகர்ஸிடம் இழந்த கப்ஸ், 2016 வரை உலகத் தொடருக்கே போகவில்லை.

கதையாகச் சொல்ல நன்றாக இருக்கிறது, காரணங்கள் வேறு. 1961-ல் உரிமையாளர் மேலாளர் பதவியையே எடுத்துவிட்டுப் பல பயிற்சியாளர்களை முறைவைத்து அமர்த்தினார். யார் சொல்வதைக் கேட்பது என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன 103 தோல்விப் பருவங்கள் இரண்டில் முதலாவது அடுத்த ஆண்டு வந்தது. 1964-ல் லூ பிராக் என்ற இளைஞரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே அங்கே உலகத் தொடரை வென்று, வாழ்நாளில் 938 பேஸ்களைத் திருடினார் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு). 1992-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்ற கிரெக் மேடக்ஸைக் கைவிட்டார்கள். அட்லாண்டாவுக்குப் போய் அடுத்த மூன்று ஆண்டும் அவரே அந்த விருதை வாங்கினார். ஒரு ஆட்டின் மேல் இவ்வளவையும் ஏற்றுவது ஆட்டுக்கு அநியாயம்.

2003 பத்திப் பேச்சு எடுத்தாலே பழைய ரசிகர்கள் மௌனமாகிடுறாங்க. என்ன ஆச்சு?

லீக் இறுதித் தொடரில் ஃபுளோரிடா மார்லின்ஸோடு ஆறாவது ஆட்டம், ரிக்லியில். எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸ் 3-0 முன்னிலை, உலகத் தொடருக்கு இன்னும் ஐந்தே அவுட். இடப்பக்க ஃபவுல் பந்து ஒன்றுக்கு ஃபீல்டர் மொய்சஸ் அலூ தாவியபோது முன்வரிசைப் பார்வையாளர் ஒருவரின் கை பந்தில் பட்டது. பிடி தவறியது. பிறகு ஷார்ட்ஸ்டாப் ஒரு எளிய பந்தைத் தவறவிட்டார், மார்லின்ஸ் எட்டு ரன் எடுத்தது. மறுநாள் ஏழாவது ஆட்டமும் போயிற்று.

பழி முழுவதும் அந்தப் பார்வையாளர் மேல் விழுந்தது, அது பெரும் தவறு. அந்தப் பந்துக்குப் பல கைகள் நீண்டன. ரன் கொடுத்தவர்கள் களத்தில் இருந்தவர்கள். 2017-ல் கழகம் அவருக்கு ஒரு வெற்றி மோதிரம் கொடுத்தது. கப்ஸ் ரசிகராக இருக்க விரும்பினால் அவர் பெயரைக் கேலியாகச் சொல்லாதீர்கள்.

2016 கடைசி ஆட்டத்தை இப்ப பாக்கலாம்னு இருக்கேன். முடிவு தெரிஞ்சும் பாக்கலாமா?

கட்டாயம். நவம்பர் 2, கிளீவ்லாந்தில், ஏழாவது ஆட்டம். கப்ஸ் தொடரில் 1-3 என்று பின்தங்கி எழுந்து வந்திருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் 6-3 என்று இருந்தது முதலில் 6-4 ஆனது, ராஜை டேவிஸின் ஹோம்ரன் அதை 6-6 ஆக்கியது. ஒன்பதாவது முடிந்ததும் மழை, 17 நிமிட இடைவேளை. அப்போது உடற்பயிற்சி அறையில் ஜேசன் ஹேவர்டு எல்லோரையும் கூட்டிப் பேசினார். பத்தாவதில் பென் ஸோப்ரிஸ்ட் இடக்கோட்டோரம் அடித்த இரட்டை (இரண்டு பேஸ் அடி), அதன்பின் மிகேல் மோன்டேரோவின் அடி, 8-6. கிளீவ்லாந்து ஒரு ரன் திருப்பியது. கடைசி அவுட் ஸ்கோர் புத்தகத்தில் 5-3: கிரிஸ் பிரையன்ட் எடுத்து ஆன்டனி ரிஸ்ஸோவுக்கு. எறியும்போது பிரையன்ட் கால் ஈரப்புல்லில் வழுக்குவதையும், அவர் முகத்தில் ஏற்கெனவே சிரிப்பு வந்துவிட்டதையும் பாருங்கள். 1908-க்குப் பிறகு முதல் கோப்பை.

பிடிச்ச ஆட்டக்காரர் பேர் போட்ட ஜெர்சி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அவர் போகவும் கூடும். மேலே சொன்ன பிரையன்ட், ரிஸ்ஸோ இருவரையும், கூடவே ஹாவியர் பாயஸையும், 2021 ஜூலை கடைசியில் இரண்டே நாளில் மூன்று வேறு அணிகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசிக் கெடு ஜூலை இறுதியிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ வரும். அதற்கு முந்தைய வாரங்களில் ஜெர்சி வாங்காமல் இருப்பது நல்லது.

என்றும் பழையதாகாத எண் வேண்டுமென்றால் 14. எர்னி பேங்க்ஸ் 19 பருவமும் கப்ஸுக்கே ஆடினார், 512 ஹோம்ரன், 1958, 1959 இரண்டிலும் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் ‘இன்றைக்கு இரண்டு ஆட்டம் ஆடுவோமா’ என்று கேட்பவர் அவர். அந்த எண்ணை இனி யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

வைட் சாக்ஸும் சிகாகோதானே? ரெண்டு டீமையும் ஆதரிச்சா என்ன?

சட்டம் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் நம்பமாட்டார்கள். வடக்கு நகரம் கப்ஸ், தெற்கு நகரம் சாக்ஸ். இரண்டு மைதானமும் அதே சிவப்புத் தடத்தில்தான் இருக்கின்றன. சாக்ஸ் வேறு லீக் என்பதால் தரவரிசையில் மோதல் இல்லை. சாக்ஸ் வெல்வதில் மகிழலாம், கப்ஸோடு ஆடும் நாட்களில் மட்டும் ஒரு பக்கம் நில்லுங்கள். கார்டினல்ஸ் விஷயம் வேறு: அதே டிவிஷன், நூற்றாண்டுப் பகை, லூ பிராக் கதை வேறு. அங்கே இரட்டை விசுவாசம் செல்லாது.

செப்டம்பர் வந்தா ‘மேஜிக் நம்பர்’னு சொல்றாங்க. எப்படிக் கணக்கு போடுறது?

163-லிருந்து முதலிட அணியின் வெற்றிகளையும் இரண்டாமிட அணியின் தோல்விகளையும் கழியுங்கள். கப்ஸ் 88 வெற்றி, மில்வாக்கி புரூவர்ஸ் 66 தோல்வி என்று வைத்துக்கொண்டால் 163-88-66 = 9. இனி கப்ஸ் வெற்றியும் புரூவர்ஸ் தோல்வியும் சேர்ந்து ஒன்பது ஆனால் டிவிஷன் கையில். ஒரே நாளில் இரண்டும் நடந்தால் இரண்டு குறையும்.

ஒரு நுணுக்கம் உண்டு. முன்பு சமமாக முடிந்தால் 163-வது ஆட்டம் ஆடுவார்கள். 2018-ல் கப்ஸ் அதில் ரிக்லியிலேயே புரூவர்ஸிடம் 3-1 எனத் தோற்றது. 2022 முதல் அந்த ஆட்டம் கிடையாது, இரு அணிகளும் தமக்குள் ஆடியதில் யார் அதிகம் வென்றார்களோ அவர்களே மேல். அந்தக் கணக்கில் கப்ஸ் ஏற்கெனவே முந்திவிட்டதென்றால் 163-க்குப் பதில் 162-லிருந்து கழிக்கலாம், எண் ஒன்று குறையும். ஆளுக்கு ஆள் ஒன்று வித்தியாசமாகச் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். டிவிஷன் கைநழுவினாலும் வைல்டு கார்டு உண்டு: டிவிஷனை வெல்லாத அணிகளுக்குப் பிளே-ஆஃபில் ஒவ்வொரு லீக்கிலும் மூன்று இடம். 2025-ல் கப்ஸ் 92 வெற்றியோடு அந்த வழியாக நுழைந்து, சான் டியாகோ பாட்ரஸை வென்று, புரூவர்ஸோடு ஐந்தாவது ஆட்டம்வரை போனது.

பத்தாவது இன்னிங்ஸ்ல அடிக்காமலேயே ஒருத்தர் ரெண்டாவது பேஸ்ல நிக்கிறார். அவர் எடுத்த ரன்னை யார் கணக்குல எழுதுறது?

கூடுதல் இன்னிங்ஸ் ஆட்டங்கள் நீளாமலிருக்க 2020-ல் வந்த விதி, 2023 முதல் நிலையானது. அந்த இன்னிங்ஸில் முதலில் பேட் செய்பவருக்குப் பேட்டிங் வரிசையில் முந்தைய இடத்தில் இருப்பவரே அங்கே நிற்பார். தேவைப்பட்டால் மாற்று ஆளை ஓடவிடலாம். அவர் ரன் எடுத்தால் அணிக்கும் அவர் பெயரிலும் ரன் சேரும். பிட்சரின் சராசரியில் சேராது, ஏனென்றால் அவரை பேஸுக்கு விட்டது பிட்சர் இல்லை. ஆனால் அந்த ரன்னால் ஆட்டம் போனால் தோல்வி மட்டும் பிட்சர் பெயரில் ஏறும்.

ஸ்கோர் புத்தகத்தில் அவர் வரிசையில், அந்த இன்னிங்ஸ் கட்டத்தில், இரண்டாவது பேஸ்வரை புள்ளிக்கோடு போட்டு அங்கிருந்து முழுக்கோடு தொடருங்கள். வேறு பேட்டர்களின் கட்டத்தோடு கலந்துவிடாது. பிளே-ஆஃபில் இந்த விதி கிடையாது. அங்கே பத்தாவது இன்னிங்ஸும் காலி பேஸோடுதான் தொடங்கும்.